நித்திரைக் காப்பும் அந்தி ஓட்டமும்

11.8.2025, திங்கள்.
நேற்று எழுதியதில் ஒரு தவறு. ‘மாலையில் ஓடினேன், இரவு தூக்கம் வரவில்லை’ என்று எழுதிவிட்டேன். ஓடி முடித்ததும் மைதானத்து வாசல் கடையில் இரண்டு ஸ்ட்ராங் டீ குடித்ததை எழுதவில்லை. படுத்த பிறகு வெகுநேரம் போன் பார்த்ததையும் எழுதவில்லை. மூன்றில் எது தூக்கத்தைக் கெடுத்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதியது தவறு.

இப்படி எழுதி, ‘தெரியாது’ என்ற சொல்லுக்கு அடிக்கோடும் போட்டாள் முபீனா. அன்றைக்குச் சிதம்பரம் வட்டாரத்தில் ‘தெரியாது’ என்று ஒப்புக்கொண்ட ஒரே ஜீவன் அவளாகத்தான் இருக்கும். மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தூக்கத்தைக் கெடுப்பது அந்தி ஓட்டம். நித்திரையார் சொல்லிவிட்டார்.

நித்திரையாரின் பூர்விகப் பெயர் அருள்முருகன். கடலூரில் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்தவர். தண்ணீரில் அழுக்கைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட மனிதனுக்குள் அழுக்கைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம் என்ற ஞானம் ஒருநாள் கிடைத்தது. வெள்ளை ஜிப்பா வாங்கினார். கடலூரில் முகாம் போட்டுக் கல்லாவை நிரப்பிக்கொண்டு, சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார். வாசலில் செருப்புகள் குவிந்தன. ஆட்டோக்கள் கல்யாண நாளைவிட அதிகமாக வந்தன.

அவருடைய தத்துவம் ஒரு ஆட்டோவின் முதுகில் எழுதும் அளவுக்குச் சிறியது. பொழுது சாயும் நேரத்தில் நித்திரா தேவி ஊருக்குள் நடந்து வருகிறாள். அப்போது ஒருவன் தடதடவென்று ஓடினால், தன்னைத்தான் துரத்துகிறான் என்று பயந்து அவள் திரும்பிவிடுகிறாள். ஓடியவன் வீட்டுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே தூக்கம் போச்சு. முஸ்லிம்கள் வந்தால் தேவி ‘நித்திரைக் காற்று’ ஆகிவிடுவாள். கிறிஸ்தவர்கள் வந்தால் ‘உறக்கத்தின் தூதன்’. யார் மனமும் புண்படக்கூடாது பாருங்கள். பர்ஸ் புண்பட்டால் பரவாயில்லை.

தொப்பை குறைக்க மூச்சிரைத்து ஓடும் ஒரு பாங்க் கிளார்க்கைப் பார்த்து ஒரு தேவி ஏன் பயப்பட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கொசுவும், கரண்ட் கட்டும், விடிய விடிய ஓடும் ரீல்ஸும் அந்த நிமிடமே குற்றமற்றவை என்று விடுதலையாகின. ஷட்டில் கோர்ட்டில் விளக்கை அணைத்தார்கள். மாலையில் நடக்கிறவர்களைத் தெருவில் முறைத்தார்கள். ‘உங்க ஓட்டத்தாலதான் எங்க கைக்குழந்தை ராத்திரி பூரா கத்துது’ என்று ஒரு தகப்பன் மைதானத்துக்கே வந்து சண்டை போட்டார். குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது. ஜிம் முதலாளி மட்டும் பதறவில்லை. வாசலில் ஒரு மேசை போட்டு நித்திரையாரின் காப்பை விற்க ஆரம்பித்தார். கட்டிக்கொண்டு உள்ளே போனால் எந்த நேரத்திலும் பளு தூக்கலாமாம்.

நித்திரைக் காப்பு என்பது விரல்நுனி அளவு உறை. அதற்குள் அரக்கு வைத்து மூடிய ஒரு சுருள் தகடு. இந்துவுக்குக் கறுப்புக் கயிறு, முஸ்லிமுக்குப் பச்சை, கிறிஸ்தவருக்கு வெள்ளை. உறை மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து வந்தவை. விலை கிடையாது, காணிக்கைதான். காணிக்கைக்கு க்யூஆர் அட்டை இருந்தது. காப்பைத் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தால் ஏழு தலைமுறைக்குத் தூக்கம் இல்லை.

கூடவே ஒரு பத்தியம். விளக்கு வைத்த பிறகு டீ, காபி தொடக்கூடாது. படுக்கப் போகுமுன் போனை அணைத்து அரிசி டின்னுக்குள் புதைத்துவிட வேண்டும். ஜனங்கள் புதைத்தார்கள். தூங்கினார்கள். மறுநாள் மண்டபத்துக்கு ஓடிவந்து, ‘காப்பு வேலை செய்யுது ஐயா!’ என்று காலில் விழுந்தார்கள். அரிசிக்குள் கிடந்த போனுக்கு யாரும் நன்றி சொல்லவில்லை.

முபீனாவின் ஊர் கிள்ளை. பகலில் சிதம்பரத்தில் ஒரு பேன்சி ஸ்டோரில் வேலை. மாலையில் போலீஸ் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பகலில் கடைகளில் நிற்கிறவர்கள். வேறு நேரம் கிடையாது. உடற்தகுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வகுப்பு முடிந்து கிள்ளைக்குப் போக வழி, மாமா ரஹ்மத்துல்லாவின் பைக். அவர் சிதம்பரத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஷார்ஜாவில் இருந்து திரும்பியவர். அங்கிருந்து பணத்தோடு தூக்கமின்மையையும் கொண்டுவந்தவர்.

செவ்வாய்க்கிழமை பைக்கை ஓட்டிக்கொண்டே மாமா சொன்னார்: "புள்ள, நாளையிலேருந்து கடை வேல முடிஞ்சதும் பஸ் புடிச்சு வூட்டுக்குப் போயிடு."

"கிளாஸ் இருக்கே மாமா?"

"அந்தக் கிளாஸ்தான் வேணாங்குறேன். ராத்திரி நீ பொரண்டு பொரண்டு படுக்குறியாம். உங்கம்மா சொல்லுச்சு. நீயே டைரியில எழுதியிருக்கியாமே, ஓடுனேன், தூக்கம் வரலன்னு?"

"மாமா, அது தப்பா எழுதுனது. அடுத்த பக்கத்துல திருத்தியிருக்கேன். அம்மா அதப் படிக்கலயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ எழுதுனத நான் ஐயாகிட்ட சொன்னேன். அவுரு மைக்குலயே சொல்லிட்டாரு."

தவறு மைக் ஏறிவிட்டது. திருத்தம் நோட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. உலகத்தில் திருத்தங்களின் கதி பெரும்பாலும் அதுதான்.

"தாயத்தெல்லாம் நம்ப மாட்டேன்னு நீங்கதானே மாமா சொல்லுவீங்க?"

"இது தாயத்து இல்ல புள்ள, சயின்ஸ். கைய அமுக்கியே நிரூபிச்சுக் காட்டுறாருல்ல! நாளைக்கு வா. உன் கை என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

புதன்கிழமை மண்டபத்தில் காலை வைக்க இடமில்லை. மேடையில் நித்திரையார். முதலில் மாமாவின் முறை. ஏற்கெனவே கழுத்தில் போட்டிருந்த காப்பைக் கழற்றி வைக்கச் சொல்லி, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார் ஐயா. பேச்சுக் கொடுத்தபடியே மேலிருந்து அமுக்கினார். கை சரிந்தது. கூட்டம் ‘ஐயோ’ என்றது. பிறகு காப்பை இடது கையில் கொடுத்து, "இப்ப கெட்டியாப் புடி. தம் கட்டு!" என்று சொல்லி அமுக்கினார். கை அசையவில்லை. கூட்டம் கைதட்டியது.

அடுத்து முபீனா. குண்டு எறிகிற கை. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஐயா இரண்டே விரலால் அமுக்கினார். கை கீழே போய்விட்டது.

"பாத்தீங்களா!" என்று மைக்கில் முழங்கினார் ஐயா. "அந்தியில ஓடி ஓடி நரம்பெல்லாம் நித்திரை இல்லாம செத்துக் கெடக்கு. இந்தப் பொண்ணு தன் கைப்பட எழுதுன சாட்சியும் இருக்கு! இன்னையோட ஓட்டத்த நிறுத்தணும். ஞாயித்துக்கிழமை நிறைவு நாள். அன்னைக்குப் பெரிய காப்பு கட்டுறேன்."

கூட்டம் முபீனாவைப் பரிதாபமாகப் பார்த்தது. அவளே தன் கையைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஒருவேளை உண்மையோ? அவர் சொல்வது சரியாக இருந்தால், இத்தனை நாள் தப்பு செய்தது தான்தானே?

மைதானத்தில் தில்லையம்மாள் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் முபீனாவோடு பயிற்சி எடுப்பவள், பிச்சாவரத்துப் பெண். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"இன்னாடி, போலீஸுக்குப் போறவ ரெண்டு வெரலுக்குத் தோத்துட்டு வந்திருக்க? நீட்டு கைய."

முபீனா நீட்டினாள். தில்லை மணிக்கட்டில் அமுக்கினாள். கை சரிந்தது. முழங்கைக்கு இந்தப் பக்கம், தோளை ஒட்டி அமுக்கினாள். அசையவில்லை.

"எந்த எடத்துல அமுக்குனான்?"

"மொதல்ல மணிக்கட்டு. மாமாவுக்கு ரெண்டாவது தரம்..." முபீனா கண்ணை மூடி யோசித்தாள். "முழங்கைப் பக்கம். அதோட, மொதத் தரம் சொல்லாம அமுக்குனாரு. ரெண்டாவது தரம் கெட்டியாப் புடின்னு சொல்லிட்டு அமுக்குனாரு."

"அப்புறம் என்ன? ஃப்ராடு. வா, போய் மூஞ்சியக் கிழிச்சுட்டு வருவோம்."

"இருடி. நமக்கு அவரு மேல கோவம். அதனால நமக்கு அப்படித் தெரியலாம்ல?"

"நீ போலீஸாயி திருடனப் புடிச்சா, ‘அண்ணே, ஒருவேள நீங்க திருடலையோ’ன்னு கேட்டுட்டுத்தான் வெலங்கு மாட்டுவ."

"கேக்குறதுல என்ன தப்பு?" என்றாள் முபீனா. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. காப்பு இருப்பது ஐயாவுக்குத் தெரிந்தால் அவர் விரல் அதற்கேற்ப இடம் மாறும். அவளுக்குத் தெரிந்தால் அவள் கையும் மாறலாம். ஆக, இரண்டு பேருக்குமே தெரியக்கூடாது.

கடையில் மிஞ்சிய வெல்வெட் துணியில் ஒரே மாதிரி ஆறு சின்னப் பைகள் வெட்டினாள். தில்லை தன் தெருவில் மூன்று காப்புகளைக் கடன் வாங்கினாள். மூன்று பைகளில் காப்பு, மூன்றில் அதே கனத்துக்கு நட்டும் வாஷரும். தில்லைதான் போட்டுத் தைத்தாள். அந்த நேரம் முழுக்க முபீனா மைதானத்தின் மறுகோடியில் முதுகைக் காட்டி நின்றாள்; எத்தனை பையில் காப்பு என்றுகூடக் கேட்கவில்லை.

இதற்கிடையில் இன்னொரு சோதனையும் வைத்துக்கொண்டாள். ஓடுவதை விடவில்லை. மாமா பைக்கில் ஏற்றிக்கொள்ளாததால் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடிக் கடைசிப் பஸ்ஸைப் பிடித்தாள். காப்பு கட்டவில்லை. டீயை மட்டும் விட்டாள். போனை அரிசி டின்னில் போட்டாள். சோற்றுக்கு அரிசி எடுக்க வந்த அம்மாவுக்கு அலாரம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. முபீனாவோ அசந்து தூங்கினாள். ஒரே ஒரு நாள், வீட்டுக்கு வந்த பிறகும் ஆசை விடாமல் வாசல் தெருவில் மூச்சுமுட்ட ஓடிவிட்டு உடனே போய்ப் படுத்தாள். அன்றைக்கு நெஞ்சு படபடப்பு அடங்கித் தூக்கம் வர நேரமானது. அதையும் மறைக்காமல் எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிரம்பி வழிந்தது. மாமா ரஹ்மத்துல்லா முன்வரிசையில். "இன்னைக்கு ஐயா என்ன சொல்றாரோ அதான் முடிவு" என்று வழியிலேயே சொல்லியிருந்தார். ஐயா நாற்காலியில் சாய்ந்து தன் வழக்கமான வசனத்தைச் சொன்னார்:

"என் காப்புல யாருக்காவது சந்தேகம் இருந்தா மேடைக்கு வரலாம். யாரும் சோதிக்கலாம்!"

கடலூரில் தொடங்கி எத்தனையோ தடவை சொன்ன வசனம். ஒருவரும் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் சொல்வது.

முபீனா கையைத் தூக்கினாள். "ஐயா, ஒரு சின்ன சந்தேகம். தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. மாமா, "ஏ புள்ள, உக்காரு!" என்று பல்லைக் கடித்தார். அதற்குள் அவள் மேடை ஏறிவிட்டாள். தட்டில் ஆறு வெல்வெட் பைகளும் ஒரு கத்தரிக்கோலும்.

"இதுல சிலதுல உங்க காப்பு இருக்கு. சிலதுல இல்ல. எதுல இருக்குன்னு எனக்கும் தெரியாது. தில்லைக்கு மட்டும்தான் தெரியும். தில்லை, நீ வெளிய போயி நில்லு. உன் மூஞ்சியப் பாத்தாலே எல்லாம் தெரிஞ்சிடும்."

தில்லை முனகிக்கொண்டே வெளியே போனாள்.

"ஒவ்வொரு பையா நான் புடிச்சுக்குறேன். நீங்க என் கைய அமுக்கிப் பாத்து, இருக்கா இல்லையான்னு சொல்லுங்க. எல்லாம் சரியா இருந்தா இன்னையோட ஓட்டத்த விட்டுடுறேன். மாமா சாட்சி."

ஐயா சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டில் தொடங்கி உதட்டிலேயே நின்றுவிட்டது. "இதெல்லாம் வெளையாட்டு இல்லம்மா."

"நீங்கதானே ஐயா யாரும் சோதிக்கலாம்னு சொன்னீங்க?" என்று முன்வரிசையில் இருந்து ஒரு குரல். ஒருநாளும் எதையும் கேட்காத கூட்டம் அன்றைக்கு முதல் கேள்வியைக் கேட்டது. வேடிக்கை பார்க்கும் ஆசையில் கேட்டதுதான், அறிவில் அல்ல. பரவாயில்லை.

முதல் பை. ஐயாவின் விரல் மணிக்கட்டுக்குப் போனது, தயங்கியது, முழங்கைக்கு வந்தது. கை நின்றது. "இருக்கு!" என்றார். தட்டிலிருந்த கத்தரிக்கோலால் பையை வெட்டினார்கள். நட்டு விழுந்து மேடையில் உருண்டது.

இரண்டாவது. "இல்ல." வெட்டினார்கள். கறுப்புக் கயிறோடு காப்பு.

மூன்றாவது. "இருக்கு." இருந்தது. ஐயா நிமிர்ந்தார். நாலாவது. "இருக்கு!" என்று இன்னும் சத்தமாக. வாஷர். ஐந்தாவதில் கையை அமுக்கோ அமுக்கென்று அமுக்கி, வேர்த்து, "இல்ல" என்றார். பச்சைக் கயிறு வெளியே வந்து எல்லோரையும் பார்த்துத் தொங்கியது.

ஆறாவது பையை ஐயா தொடவில்லை. "துணி மறைக்குது. துணிக்குள்ள வச்சா சக்தி வெளிய வராது!"

கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த தில்லையால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை; உள்ளே வந்துவிட்டாள். "எங்கம்மா ரவிக்கைக்குள்ளதான் போட்டிருக்கு. எல்லாரும் பனியனுக்குள்ள போட்டிருக்காங்க. அந்தத் துணிக்குள்ளேருந்து மட்டும் எப்படி வருது?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான். ரஹ்மத்துல்லா எழுந்தார். கழுத்தில் கிடந்த பச்சைக் கயிற்றை இழுத்து அறுத்தார்.

"மாமா, தொறக்காதீங்க! ஏழு தலைமுறைக்குத் தூக்கம் வராதாம்!" என்று கத்தினாள் தில்லை.

"ஷார்ஜாவுலயே தூக்கம் வரல. ஏழு தலைமுறையா பெருசு?"

அரக்கை நகத்தால் பெயர்த்தார். போனைப் பிரித்து மாட்டும் விரல்கள். சுருள் தகடு விரிந்தது. ஒரு பக்கம் பளபளப்பு. மறுபக்கம் மஞ்சள் பெயின்டில் நறுக்கப்பட்ட தமிழ் எழுத்துகள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்: "...வீட்டிற்கு, உயிருக்குக் கேடு."

மண்டபத்தில் பாதி ஆண்களுக்கு மீதி வாசகம் தெரிந்திருந்தது. ‘மது நாட்டிற்கு’ என்று தொடங்கும் அது. டாஸ்மாக் பீர் டின்னில் இருக்கும். அந்த முகாம் முழுவதிலும் எழுதப்பட்ட ஒரே உண்மையான மந்திரம்.

"அடப்பாவி!" மாமா தகட்டை ஐயாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். "அஞ்சு வேள தொழுவுற மனுஷன்டா நான். என் கழுத்துல பீர் டின்ன கட்டி வுட்டுருக்கியேடா!"

அதன்பின் எல்லோரும் கயிறுகளை அறுத்தார்கள். கறுப்பு, பச்சை, வெள்ளை. உள்ளே ஒரே டின். இந்த ஊர் பல வருடங்களாகப் பேசிவரும் சமத்துவத்தை அந்த டின் ஒரே நிமிடத்தில் சாதித்துக் காட்டியது. ஐயாவின் உதவியாள் ஐயாவைக் காப்பாற்றப் பாயவில்லை. க்யூஆர் அட்டையைக் காப்பாற்றப் பாய்ந்தான். தில்லை கதவை மறித்து நின்றாள். "போலீஸ் வரட்டும். நாங்க இன்னும் போலீஸ் ஆவல. அதுவரைக்கும் ஒரிஜினல் போலீஸ் பாத்துக்கட்டும்."

"ஆனா புள்ள," என்று மாமா முபீனாவைத் தனியே இழுத்தார். "நான் நெசமாவே நல்லாத் தூங்குனேனே? அதெப்படி?"

"டீய விட்டீங்க. போன அரிசிக்குள்ள போட்டீங்க. நானும் அதத்தான் பண்ணேன் மாமா. காப்பு கட்டல. ஓட்டத்தயும் விடல. நல்லாத் தூங்குனேன். படுக்கப் போற நேரத்துல மூச்சுமுட்ட ஓடுனா மட்டும் தூக்கம் லேட்டாவுது. நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டா ஒண்ணும் ஆவல. எனக்கு இப்படி. எல்லாருக்கும் இப்படித்தானான்னு தெரியாது."

மாமா பைக் சாவியை எடுத்தபடியே, "நாளைக்கு கிளாஸ் முடிஞ்சதும் மைதானத்து வாசல்ல நிக்கிறேன். லேட் பண்ணாத" என்றார். முபீனாவுக்கு அது போதும்.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இவன் டூப்பு. மங்கலம்பேட்டையில ஒருத்தர் இருக்காராம். அவருதான் ஒரிஜினலாம். நாளைக்கே போவமா?"

நித்திரையார் ஒரு விஷயத்தில் பொய் சொல்லவில்லை. ஜனங்களைத் தூங்கவைப்பேன் என்றார், தூங்கவைத்தார். படுக்கையில் அல்ல. மண்டபத்தில், நின்றபடி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு. அந்தத் தூக்கத்தைக் கலைக்க வேறொரு ஐயா வரமாட்டார். அவரவர்தான் எழுந்திருக்க வேண்டும்.

17.8.2025, ஞாயிறு.
ஆறு பைகளில் ஐந்துதான் சோதித்தோம். ஆறாவதைத் திறக்க மறந்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்று தில்லையிடம் கேட்டு எழுத வேண்டும். நாளை: வேலை முடிந்ததும் ஓட்டம், பிறகு குண்டு எறிதல். டீ கிடையாது. மாமாவையும் மைதானத்தைச் சுற்றி நடக்கவைக்க வேண்டும்.